ஏழாவது ஷரத்து

ஜோகுபாளையத்தில் சரசுவை ஊசி அக்கா என்றால்தான் தெரியும். ஊசி போடுவது அவள் வேலை இல்லை. அதற்கு நர்சம்மா இருக்கிறார். சரசு ஆஷா ஊழியர். யார் வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று சந்து சந்தாக அலைந்து, சமாதானம் சொல்லி, கூட்டிக்கொண்டு வருவது அவள் வேலை. அரசாங்கம் கொடுத்த ரோஸ் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் வருவதைப் பார்த்தால் வளர்ந்த ஆட்களே கதவைச் சாத்திக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கொரோனா இரண்டாவது தடவையாக வந்த வருஷம் அது. அப்போது அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, அழுத்திச் சொல்லி, சிலரைத் திட்டிக்கூட கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் வீட்டிலேயே ஒருத்தன் போட்டுக்கொள்ளவில்லை. அவள் புருஷன் முனிராஜ். ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற கேப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். இன்றைக்கு டூட்டி, நாளைக்கு டூட்டி என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் கம்பெனியே ஊசி போடாதவர்களுக்கு வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்று கம்பெனி பார்க்கிங்கில் பந்தல் போட்டு முகாம் நடத்தியது. அன்றைக்கும் அவன் நழுவப் பார்த்தான். சரசு கூடவே போய், வரிசையில் நின்று, நாற்காலியில் உட்கார வைத்து, ஊசி இறங்கும்போது அவன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் ரெண்டு பேரும் வெளியே டீ குடித்தார்கள். இதுக்குத்தான் இவ்ளோ ஆர்ப்பாட்டமா என்று அவனைக் கிண்டல் பண்ணினாள்.

அதற்கு முந்தின வாரம் அவனுக்கு வயிற்றுப்போக்கு. ஏர்போர்ட் டிரிப்பில் எங்கேயோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் படுத்துக் கிடந்து எழுந்திருந்தான். முகாமில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று சரசுவுக்கும் தோன்றவில்லை.

ஊசி போட்ட மறுவாரம் அவன் பாதங்களில் எறும்பு ஊர்கிறமாதிரி இருந்தது. பிரேக்கை அழுத்தினால் அழுத்திய மாதிரி தெரியவில்லை. முகாம் நடத்திய அதே ஆஸ்பத்திரிக்கு, சாயங்காலம், தன் காலாலேயே நடந்து போனான். அங்கே டூட்டியில் இருந்த டாக்டர் அவன் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஊசி போட்டவர்கள் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு என்று அனுப்பிவிட்டார். அடுத்த நாள் அவனால் செருப்பு மாட்ட முடியவில்லை. அதற்கும் அடுத்த நாள் எழுந்து நிற்கவே முடியவில்லை. பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் மூச்சு விடுவதற்கும் சிரமப்பட்டான்.

வென்டிலேட்டர், அப்புறம் வார்டு, அப்புறம் வீடு. உயிர் வந்தது, கால்கள் முழுசாக வரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாதங்களை இழுத்து இழுத்து நடப்பான். விரல்களில் பிடிப்பு கம்மி. சட்டைப் பொத்தானைச் சரசுதான் போட்டுவிட வேண்டும். வண்டி ஓட்டுவது அத்தோடு முடிந்தது. மகள் இளவேனில் பன்னிரண்டாவதான பி.யூ.சி.யை முடித்துவிட்டு, மேலே படிக்காமல் அல்சூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

என்ன நோய் இது என்று அரசு ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பு வெளியிலிருந்து வந்த கிருமியோடு சண்டை போடப் போய், ஆள் தெரியாமல் தன்னுடைய நரம்புகளையே அடித்துவிடுகிறது. வயிற்றுப்போக்குக்குப் பிறகு வருவதுண்டு. சில தடுப்பூசிகளுக்குப் பிறகும், ரொம்ப அபூர்வமாக, வந்திருக்கிறது. இவருக்கு எதனால் வந்தது என்று சரசு கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம்மா. ரெண்டும் இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

அந்த பதிலைச் சரசு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. முனிராஜுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. ஊசிக்கு முன்னால் நடந்தான், ஊசிக்குப் பின்னால் நடக்கவில்லை. அவனுக்கு அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நீதான் கூட்டிக்கொண்டு போனாய் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருக்கலாம் என்று சரசு நினைத்துக்கொள்வாள்.

வழக்குப் போடலாம் என்று முதலில் சொன்னது ஹரிஷ்குமார். ஈஜிபுராவில் இருக்கிறான், யூடியூப் சேனல் வைத்திருக்கிறான். எங்கேயோ கேள்விப்பட்டு, ஒரு மூட்டை அரிசியோடு வீட்டுக்கு வந்தான். மரியாதையாகப் பேசினான். முனிராஜ் வாக்கரில் நடப்பதைப் படம் எடுத்தான், பேசச் சொல்லிப் பதிவு செய்தான். முனிராஜ் வயிற்றுப்போக்கையும் சொன்னான், டாக்டர் திருப்பி அனுப்பியதையும் சொன்னான். வீடியோ வெளியே வந்தபோது அது ரெண்டுமே இல்லை. பின்னால் சோக வாத்தியம் போட்டு, ஊசி, கால், ஊசி, கால் என்று மாற்றி மாற்றிக் காட்டியது. அதை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். சரசு வேலை பார்க்கிற சந்துகளில் எல்லாரும் பார்த்தார்கள்.

வக்கீல் மமதா அந்த வீடியோவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் கன்னடக்காரர், இந்திரா நகரில் சின்ன ஆபீஸ், தமிழ் பேசினால் பாதி கன்னடமாக வரும். ஊசிதான் காரணம் என்று நிரூபிக்கவே முடியாது, அதற்குப் பின்னால் போனால் வாழ்நாள் முழுக்க கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான் என்று முதல் நாளே சொன்னார். ஆனால் காலில் உணர்ச்சி இல்லை என்று வந்த ஆளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பினார்களே, அதைக் கேட்கலாம் என்றார். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டார். வருஷங்கள் போயின. தேதிக்கு மேல் தேதி. கடைசியில் ஆணையமே ரெண்டு தரப்பையும் சமரசத்துக்குப் போகச் சொன்னது.

ஆஸ்பத்திரி இறங்கி வந்தது. அவர்கள் தருகிறேன் என்ற தொகை பெரியதில்லை, சின்னதும் இல்லை. கடனை அடைத்து, இளவேனிலை மறுபடி காலேஜில் சேர்க்க முடியும். ஒப்பந்தத்தின் நகலை மமதா வீட்டுக்கே கொண்டுவந்து ஒவ்வொரு ஷரத்தாகப் படித்து விளக்கினார். நோய்க்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதியிருந்த வரியைத் தான் சண்டை போட்டு நீக்கவைத்ததாகச் சொன்னார். தவறை ஒப்புக்கொள்ளாமல் கொடுக்கிறோம் என்ற வரி இருந்தது. அது எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும், விட்டுவிடுங்கள் என்றார். ஏழாவது ஷரத்து வந்தபோதுதான் சரசு நிறுத்தச் சொன்னாள். இந்த நோயைப் பற்றியோ, அது வந்த விதத்தைப் பற்றியோ, வழக்கைப் பற்றியோ மனுதாரரும் குடும்பத்தாரும் இனி யாரிடமும் எங்கேயும் பேசக் கூடாது. பேசினால் வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

"பேசி இன்னா ஆவப்போவுது" என்றான் முனிராஜ். "எங்க கையெழுத்து போடணும்னு காட்டச் சொல்லு."

 சரசுவுக்கு ஷோபாவின் முகம் நினைவுக்கு வந்தது.

ஷோபா பின்சந்தில் இருக்கிறவள். முதல் குழந்தை, ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, தட்டம்மை ஊசி போட வேண்டும். பக்கத்துப் பேட்டையில் ரெண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்து, ஒன்று ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஷோபா வரவே மாட்டேன் என்றாள். முதல் தடவை குழந்தைக்குச் சளி என்றாள், அடுத்த தடவை மாமியார் ஊருக்குப் போயிருக்கிறார் என்றாள். மூன்றாவது தடவை போனபோது வாசலிலேயே நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இன்னா ஆச்சுன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் என் குழந்தையக் குடுக்கிறேன்."

வழக்கு நடந்துகொண்டிருந்ததால், முடியட்டும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இப்போது முடியப்போகிறது. முடிந்தால் என்றைக்கும் சொல்ல முடியாது.

கையெழுத்துப் போடுகிற நாளில் ஆணையத்தின் மேல்மாடியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி சார்பாக ராகேஷ் என்ற நிர்வாக அதிகாரி வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முனிராஜ் வாக்கரோடு உள்ளே வருவதைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மத்தியஸ்தர் வயதான பெண்மணி, எல்லாரும் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தார். எல்லாவற்றுக்கும் சம்மதம்தானே என்று கேட்டார். சம்மதம் என்றான் முனிராஜ். சரசு ஏழாவது ஷரத்தை எடுக்கச் சொன்னாள்.

அறையில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மமதாவிடம்கூட அவள் முன்கூட்டிச் சொல்லவில்லை. ராகேஷ் சங்கடத்தோடு, அந்த ஷரத்துக்காகத்தான் மேனேஜ்மென்ட் இந்தத் தொகைக்கே ஒத்துக்கொண்டது, அது இல்லையென்றால் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும் என்றார். வீடியோவால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கெட்ட பெயர் என்றும் சொன்னார். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார் மத்தியஸ்தர்.

வராந்தாவில் பெஞ்ச் ஒன்று இருந்தது. முனிராஜ் உட்காரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

"ஊருக்கெல்லாம் நீ ஊசி போடச் சொன்னே. நான் காலைக் குடுத்தேன். இப்போ வர்ற காசையும் குடுக்கணுமா?"

காசைக் கொடுக்கச் சொல்லவில்லை என்றாள் சரசு. ஷோபா கேட்டதைச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால், ஆமாம், ஊசியால்தான் என்று அர்த்தம், அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது என் தலையில்தான் விழும் என்றாள்.

"அப்போ ஊசியால இல்லைன்னு சொல்லப்போறியா? என்னை வச்சிகினே சொல்லுவியா?"

"தெரியலைன்னு சொல்லுவேன். டாக்டர் சொன்னதைத்தான் சொல்லுவேன்."

"தெரியலையாம்." முனிராஜ் சிரித்தான். சிரிப்பு மாதிரி இல்லை அது. "உனுக்கு எப்படித் தெரியும்? நான் வேணாம் வேணாம்னுதானே இருந்தேன். நீதானே கையப் புடிச்சி இஸ்துகினு போனே."

இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. வந்தால் என்ன பதில் சொல்வது என்று எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தாள். கம்பெனி கட்டாயப்படுத்தியதைச் சொல்லலாம், வயிற்றுப்போக்கைச் சொல்லலாம், அந்த வருஷம் அதே சந்தில் ஊசி போடாமல் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லலாம். 

"ஆமா. நான்தான் கூட்டிகினு போனேன்" என்றாள். "கையெழுத்து போட்டா அதையும் நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது. உன்கிட்டயே சொன்னதில்ல இத்தினி நாளா."

முனிராஜ் அவளைப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே ரோட்டில் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் நின்று, பின்னால் ஆட்டோக்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. வண்டி ஓட்டுகிறவன் கண்ணோடு அவன் அதைக் கவனித்துக்கொண்டிருந்தான். பஸ் திரும்பிப் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான். மமதா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, ஆயித்தா, முடிந்ததா என்று கேட்டார். முனிராஜ் வாக்கரைத் திருப்பினான்.

உள்ளே போனதும் அவன் ராகேஷைப் பார்த்து, அன்றைக்கு டூட்டியில் இருந்த டாக்டர் இப்போது எங்கே என்று கேட்டான். ராகேஷ் ஃபைலைப் புரட்டவில்லை. அந்த டாக்டர் மறு வருஷமே வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, நான் அதற்குப் பிறகுதான் சேர்ந்தேன் என்றார்.

"அவர் தொட்டுப் பாத்திருந்தா?" என்று கேட்டான் முனிராஜ்.

ராகேஷ் மத்தியஸ்தரைப் பார்த்தார். பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"சரி, விடுங்க" என்றான் முனிராஜ். "உங்க ஆஸ்பத்திரி பேரை இனிமே நாங்க எங்கேயும் சொல்ல மாட்டோம். டிவி, யூடியூப் எதுலயும் பேச மாட்டோம். எழுதிக்கங்க. ஆனா என் ஒடம்புக்கு வந்ததை நான் பேசுவேன். எம் பொண்டாட்டியும் பேசுவா. அதுக்கு நீங்க குறைக்கிறதுன்னா குறைச்சிக்கங்க."

ராகேஷ் வெளியே போய்ப் போனில் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது தொகை குறைந்திருந்தது. காலேஜுக்கு இருக்கும், கடன் முழுசாக அடையாது. மமதா கன்னடத்தில் காரசாரமாகப் பேசி அதில் கொஞ்சம் மீட்டார். ஏழாவது ஷரத்தைத் திருத்தி மறுபடி அச்செடுத்து வந்தார்கள். முனிராஜ் பேனாவை ரெண்டு கையாலும் பிடித்து மெதுவாக எழுதினான். காகிதம் நகர்ந்துகொண்டே இருந்தது. ராகேஷ் எழுந்து வந்து அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சரசு அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அவன் செய்தது அவளை மன்னித்ததா, அல்லது களைத்துப்போய் விட்டுக்கொடுத்ததா என்று சரசுவுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

சமாதானமாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஹரிஷ்குமார் போன் பண்ணினான். விலை போய்விட்டீர்கள் என்றான், உங்களை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா என்றான். பழைய வீடியோவை எடுத்துவிடு, இல்லையென்றால் முழுசாகப் போடு என்று முனிராஜ் கேட்டான். ஹரிஷ்குமார் ரெண்டையும் செய்யவில்லை. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வாரமே சரசு ஷோபா வீட்டுக்குப் போனாள். ஷோபா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். குழந்தை தரையில் தவழ்ந்து வந்து சரசுவின் புடவை முந்தானையை இழுத்தது. சரசு எல்லாவற்றையும் சொன்னாள். தான் கூட்டிக்கொண்டு போனதை, வயிற்றுப்போக்கை, காலில் எறும்பு ஊர்ந்ததை, திருப்பி அனுப்பியதை, நரம்பு டாக்டர் சொன்னதை. இது வேற ஊசி, இத்தனை வருஷமா நம்ம எல்லார் குழந்தைக்கும் போடறது என்பதையும் சொன்னாள். 

கடைசியில், "அப்போ ஒண்ணும் ஆவாதுன்னு உங்களால சொல்ல முடியாதா அக்கா?" என்று கேட்டாள்.

முன்னாலெல்லாம் சரசு ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்ன வார்த்தை அது. ஒண்ணும் ஆவாது, வா. இப்போது அது வாய்வரைக்கும் வந்து நின்றது.

"ஆவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அம்மை வந்தா ஆவுறது அதைவிட ரொம்ப ஜாஸ்தி. எனுக்கு இப்போ ஒரு கைக்குழந்தை இருந்தா நான் போடுவேன். அவ்ளோதான் ஷோபா என்னால சொல்ல முடியும்."

ஷோபா யோசிக்கிறேன் என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதா, மறுப்பாக எடுத்துக்கொள்வதா என்று சரசுவுக்குத் தெரியவில்லை.

ஊசி போடும் நாளில் அங்கன்வாடியில் கூட்டம் எல்லாம் போய், நர்சம்மா ஐஸ் பெட்டியை மூடப்போகிற சமயத்தில் ஷோபா வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, தன்னால் முடியாது, சரசு அக்காவே பிடித்துக்கொள்ளட்டும் என்று நீட்டினாள். சரசு வாங்கிக்கொண்டாள். எத்தனையோ குழந்தைகளைப் பிடித்த கை அது.  கையை ஆட்டாதே சரசு என்று நர்சம்மா அதட்டினார். குழந்தை வீறிட்டது, பிறகு சரசுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மியது. ஷோபா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

மறுநாள் காலையில் ஒரு காரணமும் இல்லாமல் சரசு பின்சந்துக்குப் போனாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றாள். லேசாக இருந்தது, அது வழக்கம்தான். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, விளையாடுகிற மாதிரி, அதன் உள்ளங்காலில் விரலால் கோடு இழுத்தாள். குழந்தை காலை வெடுக்கென்று உதைத்துக்கொண்டது. மறுபடி இழுத்தாள். மறுபடி உதைத்தது. ஷோபா அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்திவிட்டாள். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். எதற்கு வருகிறாள் என்று ஷோபாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல், சரசு வந்ததும் குழந்தையின் கால் உறையைக் கழற்றித் தரையில் விட்டாள். ரெண்டு பெண்களும் அது தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. இனிப் போக வேண்டியதில்லை என்று சரசுவுக்குத் தெரியும். ஆனாலும் போனாள். பின்சந்திலிருந்து அவள் திரும்பும்போதெல்லாம் முனிராஜ் வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருப்பான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவான்.

"அந்தக் கொயந்த நிக்குதா?"

"நிக்குது" என்பாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அவள் உள்ளே போய் உலை வைப்பாள்.